அண்ணியின் புழக்கடையில் எத்தனை செடி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று ஊரே சொல்லும். இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் நடந்ததற்கு என் கோபம் காரணமில்லை, என் வாய்தான் காரணம். பெருமையாக ஒரு வார்த்தை சொல்லப்போய், அண்ணியின் புழக்கடையில் பாதியைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நாற்பது வீடு இருக்கும். நான் அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுக் கொட்டகைதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் அப்போது ஊரில் அதிகமில்லை. அதனால் மலைக்குக் கீழே ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மேடம் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். வீட்டைச் சுற்றி என்னென்ன செடி, கொடி, மரம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை, எது குழம்புக்கு, எது சந்தைக்கு, எது மருந்துக்கு என்று வீடு வீடாகப் போய்ப் போனில் ஏற்றுவதுதான் வேலை. இதென்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் கேட்டேன், "பரங்கிக்கொடி எத்தனை இருக்குது?"

"ரெண்டு இருக்குது."

"முருங்கை?"

"அதுவும் ரெண்டு."

ரெண்டு என்று ஏற்றினேன். அடுத்த வீட்டிலும் ரெண்டு, அதற்கடுத்த வீட்டிலும் ரெண்டு. அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் கொடியில் தொங்குவதையும் செடியாக நிற்பதையும் யாரும் எண்ணிச் சொல்ல மாட்டோம். பிஞ்சை எண்ணினால் நிற்காது, விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டுவோம், இல்லையென்றால் முகவாயால். ஓட்டின் மேல் இருபது பரங்கிக்காய் கிடந்தாலும் கேட்டவர்களுக்கு "ரெண்டு கெடக்குது" என்பதுதான் பதில். என் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனபோது போன் அடித்தது, மேடம்தான். ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் வரும்.

"என்னங்க இது, எல்லார் வீட்லயும் எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு? வாழை ரெண்டு, அவரை ரெண்டு, மிளகாய்ச் செடி ரெண்டு. யாராவது ரெண்டு மிளகாய்ச் செடி வைப்பாங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவங்களைக் கேட்காதீங்க. அவங்க அனுமதியோட நீங்களே பார்த்து எண்ணிடுங்க" என்றார்.

அனுமதியாம்! ஒருத்தி புடவைத் தலைப்பை விரித்துக்கொண்டு பந்தலுக்கு முன்னால் நின்றாள். இன்னொருத்தி நான் எண்ண எண்ண "தூ, தூ" என்று துப்பிக்கொண்டே என் பின்னால் வந்தாள். மூன்றாவது வீட்டில் நான் எண்ணிவிட்டு வந்த நாலாம் நாள் பீர்க்கம்பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துவிட்டதாம். அந்த வீட்டுக்காரி என்னைக் குழாயடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணிட்டுப் போனியே, ஒண்ணு நிக்குதா பாரு!"

"மூணு நாளா மழ ஊத்துது, பூச்சி வெக்காம இன்னா பண்ணும்? என் வெரலுக்கு அம்மாம் சக்தி இருந்தா ஒன் வாயத்தான் மொதல்ல காட்டுவேன்!"

அன்று குழாயடியில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் என் பக்கம் இருந்தது, ஊர் முழுக்க அவள் பக்கம் இருந்தது. மறுநாளிலிருந்து நானும் பேசாமல் விரலை மடக்கிக்கொண்டேன்.

கடைசியாக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் காய்ச்சலில் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாமையும் ராகியும் விளைகிற மேட்டு நிலம், நாங்கள் கொல்லை என்போம், அது முழுவதையும் என் தம்பி உழுதுகொண்டிருந்தான். அண்ணிக்கு இருந்தது ஓட்டு வீடும் அதன் பின்னால் இருக்கும் புழக்கடையும்தான். எல்லாவற்றுக்கும் பட்டா செத்துப்போன எங்கள் அப்பா பேரில். அண்ணி அந்தப் புழக்கடையை வைத்துக்கொண்டுதான் மகளைப் போளூரில் விடுதியில் விட்டு நர்ஸ் படிப்புப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "பாவம், ரெண்டு கீரையைக் கிள்ளி வித்துப் பொழைக்குது" என்று ஊர் சொல்லும். அண்ணியும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். தம்பி இரக்கப்பட்டு வருஷத்துக்கு ஒரு மூட்டை ராகி கொண்டுவந்து போடுவான்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் மாறியது.

"நம்ம வூட்டயும் எண்ணணுமா பாப்பா? ரெண்டுன்னு எழுதிக்கினு போயேன்."

"மேடம் திட்றாங்க அண்ணி. பேரெல்லாம் வராது. ஆராய்ச்சிக்குத்தான்."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"வெரல மடக்கிக்கோ" என்றாள். மடக்கிக்கொண்டேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் அது புதர் மாதிரிதான் இருக்கும். வரிசை கிடையாது, பாத்தி கிடையாது. வேலி முழுக்க நொச்சியும் ஆடாதோடையும். ஆடு அதில் வாய் வைக்காது, அதனால் அது வேலி. சளி பிடித்தால் அதுவே மருந்து. பலாமரத்து நிழலில் சேம்பும் கருணையும் மஞ்சளும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் வாழை. ஓட்டின் மேல் பரங்கி, பட்டுப்போன கொய்யாமரத்தின் மேல் அவரை, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் சுண்டைக்காய். அவரையிலேயே மூன்று வகை. மூன்றும் ஒரே நேரத்தில் காய்க்காது, ஒன்று ஓய்ந்தால் ஒன்று ஆரம்பிக்கும். அம்மிக்கல் பக்கத்தில் குந்திக்கொண்டு, அங்கே முளைத்திருந்த மணத்தக்காளியில் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்து வாயில் போட்டபடியே ஒவ்வொன்றாகப் போனில் ஏற்றினேன். போனில் இருந்த பட்டியலில் எங்கள் ஊர்க் கீரைகளில் பாதிக்குப் பேரே இல்லை. எல்லாவற்றையும் 'மற்றவை' என்று போடவேண்டியிருந்தது.

"இது சந்தைக்குப் போகுதா, இது சந்தைக்குப் போகுதா" என்று கேட்டுக்கொண்டே போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாசி பங்குனியில் புளி. வைகாசி ஆனியில் பலா. முதல் மழை விழுந்ததும் கீரை. அப்புறம் பீர்க்கு, பாகல், மிளகாய். மார்கழி தை முழுக்க அவரையும் பரங்கியும். ஒன்றுமே இல்லாத நாளில் கருணைக்கிழங்கும் சுண்டைக்காய் வற்றலும் இருக்கும், வற்றலும் தீர்ந்தால் வாழையிலை இருக்கும். எதுவும் மூட்டைக்கணக்கில் கிடையாது. எல்லாம் ஒரு கூடை, அரைக் கூடை. ஆனால் அண்ணி ஒரு சந்தைக்கும் வெறுங்கூடையோடு போனதில்லை. வாரா வாரம் அவளோடு ஜமுனாமரத்தூர் சந்தைக்கு நடந்த எனக்கே அது அதுவரை உறைக்கவில்லை. என் தம்பி கொல்லையில் ஒரு ராத்திரி காட்டுப்பன்றி புகுந்தால் அந்த வருஷமே போச்சு. இங்கே பன்றி புகுந்து கருணையைத் தோண்டிவிட்டுப் போனாலும் பாக்கி எல்லாம் அப்படியே நிற்கும்.

மொத்தம் அறுபத்து மூன்று வகை. மற்ற வீடுகளில் நாற்பதைத் தாண்டிய வீடே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் அண்ணி! பாவம் பாவம் என்று எல்லாரும் சொல்லும் என் அண்ணி!

எல்லா வீடும் முடிந்த பிறகு, கண்டதை ஊருக்குச் சொல்லவேண்டும் என்று மேடம் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். பேர் எதுவும் சொல்லவில்லை, அதில் அவர் கவனமாக இருந்தார். பெரிய தாளில் படம் போட்டுக் காட்டிவிட்டு, "ஒரு வீட்ல மட்டும் அறுபத்து மூணு வகை இருக்கு. வருஷம் முழுக்க ஒரு வாரம்கூட விடாம சந்தைக்கு ஏதாவது போகுது" என்றார்.

ஆம்பளைங்க பக்கம் சிரிப்பு எழுந்தது. "நம்ம ஊர்லயா? சும்மா சொல்றாங்கப்பா" என்று ஒருவர். "தப்பா எண்ணியிருப்பா. எண்ணினது யாரு, நம்ம பொண்ணு தானே" என்று இன்னொருவர்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "யாரு தப்பா எண்ணினது? எங்க அண்ணி வூடுதான் அது! நானே ஒவ்வொண்ணா எண்ணினேன்!"

சொல்லி முடிக்கும் முன்பே அண்ணிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பெண்கள் பக்கம் திரும்பினேன். அண்ணி யாரையும் பார்க்காமல் எழுந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி வீட்டுப் பக்கம் கல்லால் முளைக்குச்சி அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். தம்பி கயிறும் நாலு முளையும் கொண்டுவந்து புழக்கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பலாவும் புளியும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தன.

"இன்னாடா பண்ற?"

"பங்கு பிரிக்கறேன். பட்டா அப்பா பேர்லதானே இருக்குது?"

"வெக்கமா இல்ல ஒனக்கு? கொல்ல மொத்தத்தயும் வெச்சிக்கினு..."

"கொல்லயா?" அவன் முளையைக் கீழே போட்டான். "கொல்லயில இன்னா இருக்குது, நீ சொல்லு. ரெண்டு வருசமா பன்னி துன்னுது, மிச்சத்த மழ துன்னுது. என் பொண்டாட்டிய வூட்ல வுட்டுட்டு நான் கேரளாவுக்கு மரம் வெட்டப் போய் வர்றேன். அதுலயும் வருசா வருசம் ஒரு மூட்ட ராகிய இங்க கொண்டாந்து போட்டேன். ஏன்? பாவம், ரெண்டே ரெண்டு செடிய வெச்சிக்கினு கஷ்டப்படறாங்கன்னு. பன்னெண்டு வருசமா என்னை முட்டாளாக்கியிருக்காங்க அக்கா."

அவன் கண் கலங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் என் கோபமும் பாதி போய்விட்டது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் பலாவும் புளியும் போனால் அண்ணிக்கு அரை வருஷச் சந்தை போய்விடும். மகளின் படிப்பு அதோடு நின்றுவிடும். நிழல் போனால் அடியில் இருக்கிற கருணையும் மஞ்சளும் எங்கே வரும்? அவன் அந்தப் பக்கத்தில் மாட்டைக் கட்டினால் பாக்கியும் போகும்.

அண்ணி உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எண்ணிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். "ஏன் பாப்பா சொன்ன?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி விஷயத்தை ஊருக்குக் கொண்டுபோனான். கோயிலுக்கு முன்னால் காலையிலேயே கூடினார்கள். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் எனக்கு மாமா முறை, அவரைத் தெரியாத ஊரே கிடையாது, பேசுவதற்கு முன்னால் வெற்றிலையை நன்றாக மென்று முடிப்பார். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சரி, பங்குன்னா இன்னா இருக்குதுன்னு தெரியணும் இல்ல? அந்தப் புழக்கடையில இன்னா இருக்குது?" என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். "பக்கத்து வூட்டுக்காரி, நீ சொல்லும்மா. தெனம் பாக்கறவ நீதானே?"

பக்கத்து வீட்டுக்காரி யாரென்றால், குழாயடியில் என்னோடு சண்டை போட்ட அதே பீர்க்கங்காய்க்காரி. அவள் நிதானமாக முன்னால் வந்தாள்.

"இன்னா இருக்குது? ரெண்டு மரம், ரெண்டு கொடி இருக்குது" என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

அடுத்தவளைக் கேட்டார். ரெண்டு என்றாள். அதற்கடுத்தவளும் ரெண்டு. தலைப்பை விரித்துக்கொண்டு நின்றவளும் ரெண்டு, துப்பிக்கொண்டே வந்தவளும் ரெண்டு. ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. தம்பிக்கு ரத்தம் ஏறிவிட்டது.

"பொய் சொல்றாங்க! எல்லாரும் வாங்க, வந்து கண்ணால பாருங்க, எண்ணிடலாம்!"

அப்போது ஊர்க்கவுண்டரின் மனைவி, என் அத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். "எண்ணட்டுமே. நல்லா எண்ணட்டும். அங்க எண்ணிட்டு அப்பிடியே ஒவ்வொரு வூடா வாங்க. நம்ம வூட்டுப் பட்டாவும் மாமனார் பேர்லதான் இருக்குது. உன் தம்பிங்க நாலு பேரும் இங்கதான் குந்தியிருக்காங்க, அவங்களயும் கூட்டிக்கினு வா."

அதைத் தன் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆம்பளைங்களில் பாதிப் பேருடைய பட்டா செத்தவர் பேரில்தான் இருந்தது. ஊர்க்கவுண்டர் வெற்றிலையை மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார். மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணினவ நீதானே. பள்ளிக்கூடத்துல அறுபத்தி எத்தனையோன்னு சொன்னியே. இப்ப சொல்லு, எவ்ளோ?"

போன் என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது. தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயசில் என் இடுப்பிலேயே கிடந்தவன், 'நீயாவது சொல்லு அக்கா' என்று கேட்பது போல் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"நான் தப்பா எண்ணிட்டேன் மாமா" என்றேன். "போன்ல ஏத்தத் தெரியாம ஏத்திட்டேன். ரெண்டுதான் இருக்குது."

ஆம்பளைங்க சிரித்தார்கள். "பன்னெண்டாவது படிச்சதுக்கு எண்ணத் தெரியல பாரு" என்று யாரோ சொன்னார்கள். மற்ற நாளாக இருந்தால் அவர் வேட்டியை உருவியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு மரத்துக்குப் பங்கு எதுக்குடா?" என்றார் ஊர்க்கவுண்டர் தம்பியிடம். "வூட்டச் சுத்தி இருக்கறது வூட்ல குந்தியிருக்கறவளுக்கு. கொல்ல உனக்கு. இனிமே ராகி நீ குடுக்கத் தேவையில்ல. பன்னிக்கு வேலி போடறதுக்கு ஊர்ல ஆளுக்கு ஒரு நாள் வந்து வேல செய்யட்டும். போங்க."

தம்பி எழுந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "உனக்குத் தெரியும் அக்கா" என்று மட்டும் சொன்னான். அந்தத் தைப்பொங்கலுக்கு என் தாய்வீட்டுச் சீர் வரவில்லை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் அவன் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கும், ஆனால் பேச்சில்லாமல் இரண்டு வருஷம் போனது. எனக்கு வலித்தது. அவன் தோற்றதற்கு நான்தான் காரணம் என்பதைவிட, அவன் சொன்னதெல்லாம் உண்மை என்பதுதான் வலித்தது.

அன்றைக்கே தொட்டிக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். அந்த வீட்டை எடுத்துவிடுங்கள், நான் எண்ணியது தப்பு என்றேன். மேடம், "உங்களுக்கு வேணும்னா எடுத்துடறேன்" என்றார். எடுத்துவிட்டார். மறுவருஷம் வேறு வேலைக்கு வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. தப்பாக எண்ணுகிறவளை யார் கூப்பிடுவார்கள்?

போன் பேசிவிட்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி முளைகளைப் பிடுங்கி விறகோடு போட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தாள். ரெண்டு பேரும் அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்தோம். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெசமா எவ்ளோ வந்துச்சு பாப்பா?"

"அதான் பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே அண்ணி. அறுபத்தி மூணு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு விரலை மடக்கி, அம்மிக்கல்லுக்குப் பின்னால் முட்டியால் காட்டினாள். மணத்தக்காளி கறுப்புக் கறுப்பாகப் பழுத்து நின்றது.

"இத வுட்டுட்ட. துன்னுட்டு எண்ணாம போய்ட்ட" என்றாள். "அறுபத்தி நாலு."